'வடமாநிலப் பெண் கைது': இந்தத் தலைப்பைத் தமிழ் வகுப்பில் எப்படிப் படிப்பது?

கெலமங்கலம் அருகே நாகமங்கலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் ஊழியர்கள் தங்கும் விடுதி. 2025 நவம்பரில் அங்கே குளியலறையில் ரகசிய கேமரா சிக்கியது. பெண்கள் இரவிலேயே போராட்டத்தில் இறங்கினார்கள். கேமரா வைத்ததாக, அதே விடுதியில் தங்கியிருந்த ஒடிசா பெண் கைதானார். தூண்டியதாக அவருடைய ஆண் நண்பரும் பிறகு கைதானார்.

செய்தி உண்மைதான். சிக்கல் தலைப்பில்.

செல்போனில் ஓடிய பல தலைப்புகளில் முதலில் வந்தது 'ஒடிசா பெண்', 'வடமாநிலப் பெண்'. அங்கிருந்து 'வடக்கன்' என்ற வசைக்கு ரொம்ப தூரம் இல்லை. ஆனால் கேமராவுக்குப் பயந்தவர்களில் வெளிமாநிலப் பெண்களும் உண்டே! ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இந்த ஆலை வேலைக்கு சிறப்பு ரயிலில் வந்தது 2022-ல். தலைப்பில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஃபேக்ட் செக் போதாதா?

பொய்க்குப் போதும். 2023 மார்ச்சில் 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் மீது தாக்குதல்' என்று வீடியோக்கள் பரவின. ஒன்றில் மோதிக்கொண்டவர்கள் பீகார்காரர்களே, இன்னொன்று கோவை உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். கேரளாவின் கண்ணூரில் 2018-லேயே அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தி வகுப்பு தொடங்கிவிட்டது.

நாகமங்கலம் தலைப்பில் பொய் எதுவும் இல்லை. அதனால் சரிபார்ப்பில் பாஸ் ஆகிவிடும். எந்தச் சொல் முன்னால் வருகிறது, எது விடுபடுகிறது என்பது மொழிப் பாடம். கைதானவர் ஓசூர்க்காரர் என்றால் 'தென்மாநிலப் பெண்' என்று யாராவது எழுதுவார்களா?

பெண் என்றாலும் இதே கதைதான். பாலியல் தொழில் வழக்குகளில் 'அழகிகள் மீட்பு' என்று எழுதுவது தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன ஒன்று. 'அழகன் கைது' படித்த ஞாபகம் இருக்கிறதா?

கெலமங்கலத்தில் ஏன்?

இந்தப் பகுதியில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் ஏராளம். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். 'வெளியூர்க்காரன்' என்றால் யார் என்று அங்கே கேட்டுப் பாருங்கள், ஒரே பதில் வராது.

பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரே சம்பவத்துக்கு வந்த நாலு தலைப்பு, ஒரு பீரியடு. மாநிலப் பெயரை எடுத்துவிட்டுத் தலைப்பை மாற்றி எழுதச் சொல்லலாம். இந்தத் தளத்தின் தலைப்பையும் அதில் தாராளமாகச் சேர்க்கலாம்.