இவர்கள் முகம் என்ன கேலிப் பொருளா?

நடிகையின் ஒப்பனை பிடிக்கவில்லையா? பக்கத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணின் படத்தை ஒட்டு! எதிர்க்கட்சித் தலைவரை மட்டம் தட்ட வேண்டுமா? கழுத்தில் பாசிமணி மாலையைப் போட்டு விடு! 'மீம்ஸ்' என்ற பெயரில் நடக்கும் கூத்து இது. பொங்கலூர் விசைத்தறிக் கூடமானாலும், திருப்பூர் பனியன் கம்பெனியானாலும், டீ நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால் இதுதான் வந்து விழுகிறது. சிரித்துவிட்டு அடுத்தவருக்கும் தள்ளி விடுகிறார்கள்.

ஒப்பனையைத்தானே கேலி செய்கிறோம் என்று சமாதானம் வேறு! அந்தப் பெண் எந்த ஒப்பனையும் செய்து கொள்ளவில்லையே. அவருடைய சொந்த முகத்தை அல்லவா அசிங்கத்துக்கு அளவுகோலாக வைக்கிறீர்கள்?

குளிக்காதவர்கள், பூனை தின்பவர்கள் என்பதற்கு மேல் இந்தக் கேலிக்காரர்களுக்கு அம்மக்களைப் பற்றி என்ன தெரியும்? வாக்ரிபோலி என்று அவர்களுக்குத் தனித் தாய்மொழி உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைத் தொழிலை முடக்கியது. ஊசியும் பாசியும் விற்றுப் பிழைக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் இவர்களைச் சேர்க்கலாம் என 1965லேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில்! அடுத்த மார்ச் 30ஆம் தேதி, டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவக் குடும்பத்தைச் சென்னை ரோகிணி திரையரங்கில் வாசலிலேயே தடுத்தார்கள். படத்தின் யு/ஏ சான்றிதழ்தான் காரணம் என்றது நிர்வாகம். வீடியோ வெளியாகி நாடே பார்த்தது.

தாடி, தொப்பி என்றாலே வெடிகுண்டு என்று சினிமாக்காரர்கள் காட்டியபோது நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. ஆனால் நம் ஜமாஅத் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பாசிமணிப் படங்கள் உலவுகின்றனவே, அது எந்த ஊர் நியாயம்?

விளையாட்டுக்குச் செய்தேன் என்று இனி எளிதில் நழுவ முடியாது. பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். இணையத்தில் இழிவுபடுத்துவதும் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதே எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் இருந்தென்ன? தன் படத்தை எவனோ ஒட்டி விளையாடுவது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வருவதே அரிது. தெரிந்து புகார் கொடுக்க வந்தால், வாசலில் நிற்க வைக்காமல் உட்காரச் சொல்லி, மனுவை வாங்கி, ரசீது கொடுத்து அனுப்ப வேண்டும். திருப்பூர் மாவட்டக் காவல்துறையிடம் நாம் கேட்பது இதைத்தான்.