வெயிலுக்கு யார் கூலி கொடுப்பது?

மழை பொய்த்த மண் என்பதாலேயே வளர்ந்த தொழில், சிவகாசித் தொழில். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, கரிசல் பூமியின் காய்ந்த வானமே முதல் மூலதனமாயிற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், வெயிலோ இலவசம்! அந்த வெயில்தான் இன்று தொழிலாளியின் உயிரை வாட்டுகிறது.

நிலக்கரியையும் எண்ணெயையும் உலகெங்கும் எரித்த வினை, பூமி கொதிக்கிறது. 2024 அக்டோபரில் மாநில அரசே வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. வரவேற்போம். ஆனால் அந்த அறிவிப்பு பட்டாசு அறைக்குள் நுழைந்ததா?

அறைக்கு நால்வர்தாம் இருக்கலாம் என்பது விதி. மருந்து பறக்கும் இடத்தில் மின்விசிறி சுழலலாகாது. வெந்து புழுங்கும் நம் தாய்மார்கள் வேப்பமரத்தடிக்கு வருகிறார்கள். மரத்தடியில் பட்டாசு செய்வது விதிமீறல்! நிழல் தேடியதே குற்றமாகிவிடுகிறது. விதி தவறென்று கூறவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டதை மறந்தவர்களல்லர் நாம். விதியை எழுதியவர்கள் வெயிலை எழுத மறந்தார்கள் என்கிறோம்.

உச்சிவேளையில் வேலையை நிறுத்து என்று உபதேசிப்பது எளிது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவளுக்கு நின்ற நேரம் பட்டினி நேரம். மழை பெய்தாலும் அதே கதைதான். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறித் தீப்பற்றும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. டில்லிக் குழந்தையின் நுரையீரலும் நம் குழந்தையின் நுரையீரலே, மறுக்கவில்லை. (பட்டாசை ஒழித்தால் பூமி குளிர்ந்துவிடும் என்போர், புகை வேறு, கொதிப்பு வேறு என்பதை அறிக!) ஆயினும், அதையொட்டி ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களின் கூலியை யார் ஈடு செய்தார்? மாற்றத்தின் விலையைக் குடிசையே கொடுத்தது.

அண்டை மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் இதே வெயில் 648 மெகாவாட் மின்நிலையமாகி இலாபம் ஈட்டுகிறது. அங்கே வெயிலுக்கு விலை. இங்கே வெயிலால் பட்டினி!

விடியலில் வேலை தொடங்கட்டும், கூரைக்கு வெண்பூச்சு வரட்டும். அனைத்திலும் முதன்மையானது, வெயிலால் நின்ற நேரத்துக்குக் கூலி. ஆலை அதிபர்கள் பாதி, நல வாரியம் பாதி என்று அது சட்டமாக வேண்டும். பங்குனி பிறந்ததும் ஊருக்கொரு குறிப்பேடு திறவுங்கள் தோழர்களே! எந்த நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி போயிற்றென்று வைகாசி முடியும்வரை எழுதுங்கள். அந்தக் கணக்கோடு வாரியத்தின் வாசலுக்குப் போவோம்.