இடைகழியில் எத்தனை நேரம்?

இந்த வாரச் சொல், காலேஜில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிபடும் 'லிமினல் ஸ்பேஸ்'. ஆளரவமற்ற ஆஸ்பத்திரித் தாழ்வாரம், நடுநிசி ரயில்வே பிளாட்பாரம், லீவு விட்ட பள்ளிக்கூடத்து வராந்தா... இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன லிமினல்!" என்கிறார்கள். மனசை என்னவோ செய்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் சொல்லின் பொருள் அதைவிடப் பெரிது.

லத்தீனில் 'லிமென்' என்றால் வாசற்படி. ஆர்னால்டு வான் ஜெனப் என்ற அறிஞர் 1909-ல் சடங்குகளைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு புத்தகம் எழுதினார். பழைய நிலையை விட்டுப் பிரிவது, நடுவே நிற்பது, புது நிலையில் சேர்வது என்று மூன்று கட்டங்களை வகுத்தார். நடுக்கட்டத்தைத்தான் வாசற்படியோடு ஒப்பிட்டார். தாலி ஏறிவிட்டது, புக்ககத்து வாசலில் ஆரத்திக்காக நிற்கிறாள் பெண். பிறந்த வீட்டை விட்டாயிற்று. புகுந்த வீட்டில் இன்னும் கால் வைக்கவில்லை. அந்த நிமிஷம்தான் லிமினல்!

நமக்கு இது புதிதா என்ன? தெருவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடையை இடைகழி என்றோம். ரேழி என்றும் சொல்வோம். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது திருக்கோவலூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே ஒரு மழை இரவில், பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தாராம். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ நெருக்க, அது பெருமாளே என்று கண்டுகொண்டார்கள் என்பது வைஷ்ணவ மரபு. 'நீ யார்?' என்று கேட்டு யாரையும் மழையில் நிறுத்தவில்லை.

அதே ஜில்லாவில்தான் சிதம்பரமும் இருந்தது. நந்தனார் தில்லை எல்லைவரை வந்தார். உள்ளே போகக் குலம் குறுக்கே நின்றது. இரவும் பகலும் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நெருப்பில் புகுந்துதான் உள்ளே போனார் என்கிறது பெரிய புராணம். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல்!

வாசற்படி இருப்பது தாண்டுவதற்கு. தாண்ட விடாமல் ஒருவரை அங்கேயே நிறுத்தி வைத்தால், அதற்கு வேலி என்று பெயர். ஆகவே, உங்கள் பிள்ளை இனி "லிமினல்" என்றால் ஒன்று கேளுங்கள்: "அங்கே நிற்பவருக்கு உள்ளே போக வழி உண்டா, தம்பி?"