அலமாரியில் இருப்பதெல்லாம் சரக்கல்ல

நடந்துகொண்டிருக்கும் பியூட்டி பார்லரைக் கைமாற்றி எடுப்பவர்கள் நாற்காலி, ஏசி, ஸ்டீமர், கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை பேசுவார்கள். கிரீம், சீரம், பேஷியல் கிட் பக்கம் வந்ததும் பேச்சு சுருங்கிவிடும். "சரக்கே ரெண்டு லட்சத்துக்கு இருக்கு, மொத்தமா எடுத்துக்குங்க" என்பார் விற்பவர். அந்த ரெண்டு லட்சம் பெரும்பாலும் எம்.ஆர்.பி.யைக் கூட்டி வந்த தொகை. அவர் வாங்கிய விலை அதைவிடக் குறைவு. அதிலும் பாதி டப்பாக்கள் திறந்தே இருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது கொள்முதல் பில். விநியோகஸ்தருக்குப் பணம் பாக்கி இருந்தால், கடை கைமாறிய பிறகு அவர் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்தான். பில் கையில் இருந்தால் வாங்கிய தேதியும் தெரியும், பேரம் பேசவும் ஒரு பிடி கிடைக்கும்.

சீல் உடைக்காதவற்றுக்குத்தான் விலை கொடுக்கலாம். அவற்றிலும் லேபிளைப் படிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருளென்றால் உற்பத்தி உரிம எண்ணும், இறக்குமதியென்றால் பதிவு எண்ணோடு இறக்குமதியாளர் விவரமும் இருக்க வேண்டும். தேதி இன்னும் மூன்றே மாதம் என்றால், அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேஷியல் நடக்கும் என்று பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

திறந்த டப்பாவில் காலாவதித் தேதி பாதிக் கதைதான் சொல்லும். பல பொருள்களில் மூடி திறந்த ஜாடிப் படமும் அதற்குள் 6எம், 12எம் என்ற குறியும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். அந்த நாள் விற்பவருக்கு மட்டுமே தெரியும். பல நேரம் அவருக்கும் நினைவிருக்காது. ஈர விரலும் நீராவியும் பட்டுக்கொண்டே இருக்கும் அகன்ற வாய் ஜாடியில், கிருமி வளராமல் தடுக்கும் பொருளின் வலு நாளுக்கு நாள் குறையும். வைட்டமின் சி சீரம் பழுப்பேறினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். கிரீம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. திறந்தவற்றின் விலை பூஜ்யம் என்று எழுதிவிடுவதே நேர்மையான கணக்கு.

உண்மையில் அஞ்ச வேண்டியது லேபிளே இல்லாத சின்ன டப்பாக்களைப் பார்த்துத்தான். "நம்ம ஸ்பெஷல் ஒயிட்னிங் கிரீம், கஸ்டமர் இதுக்குன்னே வருவாங்க" என்று பெருமையோடு காட்டப்படுவது அதுதான். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் மெம்ப்ரேனஸ் நெப்ரோபதி நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் நெல்-1 என்ற குறிப்பிட்ட வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இப்படிப்பட்ட கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கண் பகுதிக்கானவை தவிர மற்ற அழகுப் பொருள்களில், பாதரசம் தற்செயலாகக் கலப்பதுகூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் சட்டம். ஸ்டீராய்டு கலந்த கிரீமும் இதே அலமாரியில் இருக்கலாம். அது மருத்துவர் சீட்டோடு மருந்துக் கடையில் வாங்க வேண்டிய மருந்து; பார்லரில் அதற்கு வேலையே இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 86-ஆம் பிரிவையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்று ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். "பழைய ஓனர் வச்சிட்டுப் போனது" என்ற பதில் அங்கே எடுபடாது.

வரியும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பேஷியலுக்காக வாங்கும் கிரீமுக்கு நீங்கள் கட்டும் வரி முழுக்கச் செலவு. சரக்கு விலையைப் பேசும்போது அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரக்கைவிட மதிப்புள்ள ஒன்றைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை: யாருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்து வைத்த வாடிக்கையாளர் நோட்டு. முன்பணம் கட்டிப் பாக்கி இருக்கும் பேஷியல் பேக்கேஜ்களும் அதில் இருக்கும். அந்தக் கடன் உங்களுடையதாகப் போகிறதென்றால் விலையில் கழித்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தோடு சரக்குப் பட்டியலை இணைத்து, பேட்ச் எண், காலாவதித் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திடலாம். விற்பவர் அதற்கு இழுத்தடித்தால், சரக்கை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்கு மட்டும் விலை பேசுங்கள்.