மின்னியல் மாணவனுக்கு ஒரு வழித்துணை



கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து தாயொருவர் நமக்கு வரைந்துள்ள மடல், இம்மாதம் நம் சிந்தனைக்கு உரியதாகிறது. அவருடைய மகன் பொறியியற் கல்லூரியில் மின்னியல் பிரிவில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். பள்ளியிறுதி வரை தமிழ்வழியில் கற்று நல்ல மதிப்பெண் பெற்றவன். இப்போதோ மூன்று பாடங்களில் தேறாமல் நிற்கிறான். மாணவர் பேச்சில் சொன்னால், மூன்று 'அரியர்'. எவரேனும் படிப்பைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, ஞாயிறு திருப்பலிக்கு வருவதையும் நிறுத்திவிட்டானாம். நகரில் தனிப்பாடம் நடத்தும் ஒருவர், மூன்று பாடங்களிலும் தேர்ச்சி உறுதி என்கிறார். ஆனால் கட்டணம் முழுவதையும் முன்னதாகவே செலுத்த வேண்டுமாம். "என் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா?" என்று அத்தாய் கேட்கிறார்.

இவ்வினா அவர் ஒருவருடையது அன்று. மகனையோ மகளையோ முதன்முதலாகப் பொறியியல் கற்க அனுப்பியுள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் இது சொல்லப்படாமலே உறைந்து கிடக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

முதலில், தனி ஆசிரியரை நாடுவது இழுக்கு என்ற எண்ணம் அகல வேண்டும். மின்சுற்றுப் பாடத்தின் முதல் ஏட்டிலேயே வரும் பெயர்கள் இரண்டு: ஓம், ஆம்பியர். செருமனி நாட்டின் ஓம் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். தாமாகவே கற்றுத் தேர்ந்த அத்தந்தைதான் அவருக்குக் கணிதத்தை ஊட்டினார். பின்னர் ஓம் சுவிட்சர்லாந்தில் தனி ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் பெயரால் வழங்கும் விதி 1827-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பிரான்சு நாட்டின் ஆம்பியருக்கும் தந்தையே ஆசான். புரட்சிக் காலத்தில், 1793-இல், அத்தந்தை கொலைக்களத்தில் மாண்டார். துயரத்தில் சிறிது காலம் படிப்பையே மறந்திருந்த அவ்விளைஞர், பின்னர் லியோன் நகரில் மாணவர்களுக்குத் தனியாகக் கணிதம் கற்பித்து வாழ்க்கையைத் தொடங்கினார். மின்காந்தவியலின் தூணாகிய மாக்ஸ்வெல்லும் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹாப்கின்ஸ் என்னும் தனி ஆசிரியரிடம் பயின்றே 1854-இல் பட்டத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அத்தகையோர்க்கே தேவைப்பட்ட துணை நம் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் அதில் நாணமென்ன?

அடுத்து, சிக்கல் எங்கே உள்ளது என்பதை அறிய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். ஒரு மின்தடையும் ஒரு கம்பிச்சுருளும் தொடராக இணைக்கப்பட்டு, அவற்றின் வழியே மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. தடையின் இரு முனைகளுக்கிடையே 30 வோல்ட். சுருளின் முனைகளுக்கிடையே 40 வோல்ட். சுருளின் தடை புறக்கணிக்கத்தக்கது எனக் கொண்டால், மொத்த மின்னழுத்தம் எவ்வளவு? தடுமாறும் மாணவன் 70 என்பான். சரியான விடை 50. ஏனெனில், அவ்விரு மின்னழுத்தங்களும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. ஒன்று மற்றொன்றைவிடக் கால் சுற்று முந்தி நிற்கிறது. ஆகவே அவற்றை ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வரைந்து மூன்றாம் பக்கத்தைக் காண வேண்டும். இது பள்ளியில் படித்த பிதாகரசின் தேற்றமேயன்றி வேறன்று.

இதிலிருந்து நாம் உணர்வது என்ன? மின்னியலில் தவறுகிறவன் உண்மையில் மின்னியலில் தவறுவதில்லை. பெரும்பாலும் கணிதத்தில் தவறுகிறான். திரிகோணமிதி, கலப்பெண், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு ஆகிய இவற்றுள் ஒன்றில் எங்கோ ஒரு படி உடைந்திருக்கும். வேறு சிலருக்குக் கணிதம் தெரியும். ஆங்கிலத்தில் அமைந்த வினா எதைக் கேட்கிறது என்பதே விளங்காது. மூன்று பாடங்களில் தேறாத மகனுக்கு மூன்று ஆசிரியர் தேவையில்லாமல் இருக்கலாம். உடைந்த அந்த ஒரு படியைக் கண்டு செப்பனிடும் ஒருவர் போதும்.

அத்தகைய ஒருவரைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? நம் திருவிவிலியத்தில் இதற்கு அழகியதொரு முன்மாதிரி உண்டு. தோபித்து தம் மகன் தோபியாவைத் தொலைநாட்டிற்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வழியறிந்த, நம்பத்தக்க துணைவன் ஒருவனைத் தேடுமாறு மகனையே பணித்தார். வந்தவரிடம் அவர் யார், எக்குலத்தவர் என்று தயங்காமல் வினவினார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று கூலியையும் தெளிவாகப் பேசி முடித்தார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பதை அவர் அப்போது அறியார். எனினும் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் விடவில்லை.

நாமும் அம்மூன்றையே கேட்போம். அவர் வழி அறிந்தவரா? மின்னியலைத் தாமே முறையாகக் கற்று, மகன் எழுதவிருக்கும் பாடத்திட்டத்தையும் பார்த்தவராக இருத்தல் வேண்டும். அவர் நம்பத்தக்கவரா? அவரிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் இருவரிடமேனும் விசாரித்தல் நலம். கூலி எவ்வளவு? மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பேசிக்கொண்டு, பாடம் நடந்த பின்னர்க் கொடுப்பதே முறை. உழைத்தவரின் கூலியைக் குறைப்பதும் தாழ்த்துவதும் அநீதி. அவ்வாறே, நடவாத பாடத்திற்கு ஏழைத் தாயிடம் முழுத்தொகையை முன்னரே பெறுவதும் முறையன்று. தேர்ச்சி உறுதி என்று எவராலும் வாக்களிக்க இயலாது. தேர்வை எழுதப்போகிறவன் மாணவன் அல்லவா?

அதே வரலாற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றங்கரையில் பெருமீன் ஒன்று தோபியாவின் காலைக் கவ்வத் துள்ளியது. வானதூதர் அதைத் தாமே பிடித்துக் கொடுக்கவில்லை. இளைஞனையே பிடிக்கச் சொன்னார், அவனும் பிடித்துக் கரையேற்றினான். நல்லாசிரியரை அறியும் உரைகல் இதுவே. முதல் இரண்டு வகுப்புகளைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியரே கணக்குகளை வரிசையாகப் போட்டுக்காட்டி, முக்கிய வினாக்கள் என்று ஒரு பட்டியலையும் தந்து அனுப்பினால், மீன் அவர் கையிலேயே இருக்கிறது. மாணவனைப் போடவிட்டு, அவன் தவறும் இடத்தில் நிறுத்தி, "இங்கே ஏன் கூட்டினாய்?" என்று கேட்பவரே நமக்கு வேண்டியவர். தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதப் பழக்குபவராயின் இன்னும் நன்று.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, அருகிலிருந்தே தொடங்குங்கள் என்போம். கல்லூரியில் அப்பாடத்தை நடத்தும் பேராசிரியரிடம் மகன் தனியே சென்று ஐயம் கேட்டதுண்டா? அச்சத்தால் அந்தக் கதவைத் தட்டாதவர் பலர். அதற்குக் கட்டணமும் இல்லை. அடுத்து, அதே பாடத்தை அண்மையில் நன்கு எழுதித் தேறிய மேல்வகுப்பு மாணவர். அதற்கும் அடுத்து, நம் பங்கிலேயே வாழும் மின்வாரிய ஓய்வுபெற்ற பொறியாளர், பாலிடெக்னிக் விரிவுரையாளர். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைக் கைப்பேசியில் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆயினும், கைப்பேசி எதிர்க்கேள்வி கேட்டு மாணவனின் தவற்றைக் காட்டாது. அதற்கு ஆள் வேண்டும்.

சில எச்சரிக்கைகளையும் கூறியாக வேண்டும். இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தைப் பணம் பெற்றுக்கொண்டு ஆயத்தமாகச் செய்து தருவோர் நகரங்களில் உள்ளனர். அது கல்வியன்று, பொய்ச்சான்று. நாளை மனித உயிர்கள் நம்பியிருக்கும் மின்பாதையைப் பேணப்போகிறவன் அப்பொய்யோடு பணியில் புகலாகாது. வீட்டில் 230 வோல்ட் இணைப்பைத் திறந்து சோதனை செய்ய, உடனிருந்து காக்கும் தேர்ந்தவர் இன்றி ஒருபோதும் இடங்கொடாதீர். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, பாடம் நடக்கும் இடம் பிறர் பார்வைக்குட்பட்ட திறந்த இடமாக இருக்கட்டும்.

இறுதியாக, நம் பங்குகளுக்கு ஒரு விண்ணப்பம். 1831-இல் சட்டம் பயிலப் பாரிசு நகர் வந்த பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞர், நாம் மேலே கூறிய ஆம்பியரின் இல்லத்திலேயே தங்கினார். அறிவியலில் புகழோங்கிய அம்முதியவர், ஊர்விட்டு வந்த மாணவனுக்குத் தம் வீட்டில் இடமும் தம் மேசையில் உணவும் அளித்தார். அவ்விளைஞரே 1833-இல் தோழர்களோடு சேர்ந்து, இன்று நம் பங்குகளில் விளங்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு வித்திட்டார். 1997-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஏழைகளுக்கு அரிசியும் மருந்தும் அளித்துவரும் அச்சபையினர், பங்கிலுள்ள பொறியாளர்களின் பட்டியல் ஒன்றையும் ஆயத்தம் செய்யலாகாதா? மாலையில் இரண்டு மணி நேரம் பங்கு மன்றத்தில் ஒரு கரும்பலகையும் ஒரு விளக்கும் இருந்தால், எத்தனை சங்கிலிகள் அடகுக்கடைக்குச் செல்லாமல் தப்பும்!

மடல் எழுதிய தாய்க்கு நாம் கூறுவது இது: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். இன்றிரவு மகனை அருகில் அமர்த்தி, மதிப்பெண்ணைப் பற்றியன்று, எந்த இடத்தில் விளங்காமற் போயிற்று என்று மட்டும் கேளுங்கள். பின்னர்ப் பங்குத்தந்தையிடம் சென்று, பங்கில் மின்னியல் கற்றவர் யார் என்று விசாரியுங்கள். தேறாத பாடத்தை மீண்டும் எழுத வழியுண்டு. மனமுடைந்த மகனைத் தேற்றுவதே இப்போது முதற்கடமை. வரும் ஞாயிறன்று திருப்பலிக்கு அவனை உடனழைத்து வாருங்கள். பங்கு மக்களாகிய நாம் அன்று அவனிடம் மதிப்பெண் கேளாதிருப்போம். நலம் மட்டும் கேட்போம்.