கேப்டவுன் பேரேடுகளில் நம் கரையின் பெயர்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 'செப்டம்பர்', 'பிப்ரவரி', 'ஏப்ரல்' என்பவற்றைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் ஏராளம். வேடிக்கையான பெயர்கள் என்று சிரித்துவிட வேண்டாம். அடிமையாக வந்திறங்கியவரின் சொந்தப் பெயரைக் கேட்க விரும்பாத எசமானர்கள் ஏதோ ஒரு மாதத்தின் பெயரைச் சூட்டினார்கள். அதுவே வம்சப் பெயராக நிலைத்துவிட்டது.

இன்று அவர்களின் வாரிசுகள் வேர்களைத் தேடுகிறார்கள். பழைய ஏடுகள் இணையத்துக்கு வந்ததும், மரபணுப் பரிசோதனை எளிதானதும் இந்தத் தேடலை வேகப்படுத்தியுள்ளன. அந்த ஏடுகளில் அடிமையின் பெயரோடு அவர் ஏற்றப்பட்ட இடமும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'வான் சிலோன்' என்றால் இலங்கை. 'வான் டெ கஸ்ட்' என்றால் சோழமண்டலக் கரை, அதாவது நம்முடைய கரை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி மட்டும் வாங்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கான மனிதர்களையும் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. ஒரு பகுதியினர் கேப் வரை போனார்கள். கேப்புக்கு மொத்தம் கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

தேடுபவர்கள் 1834 டிசம்பர் 1ஆம் தேதி வந்த அடிமை ஒழிப்பிலிருந்து பின்னோக்கிப் போகிறார்கள். 1816 முதல் ஆங்கிலேய அரசு அடிமைகளுக்குப் பதிவேடு வைத்தது. அதற்கும் முன்னால் போனால் மிஞ்சுவது, எசமானர்கள் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியல்கள் போன்ற ஏடுகள்தான். மாடு, மேசை, கட்டில், கூடவே மனிதர்கள். தன் பாட்டியின் பாட்டியைத் தேடும் ஒருவர் முதலில் அவளை விலைக்கு வாங்கியவரின் குடும்ப வரலாற்றைத் தேட வேண்டும்! அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய சட்டம். தகப்பன் பெயரைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இமாம் நடத்திவைத்த நிக்காஹ்வை அரசு திருமணமாகவே ஏற்கவில்லை. வீட்டில் ஒரு பெயர், பேரேட்டில் வேறு பெயர். அந்த அநீதி பழங்கதையும் அல்ல. முஸ்லிம் திருமணங்களை அங்கீகரிக்காத சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022ல்தான்.

கேப்டவுனின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித், விடுதலை பெற்ற அடிமையான 'கொரிடோன் வான் சிலோன்' 1794ல் வாங்கிய இடத்தில் நிற்கிறது. கொரிடோன் என்பது அவருடைய தாய் வைத்த பெயராக இருக்க முடியாது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள்தான் பின்னாளில் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். நம் அரபுத்தமிழை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதில் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. நம் கரையிலிருந்து விற்கப்பட்டவர்கள் எல்லாம் முஸ்லிம்களாகப் போனவர்கள் அல்லர். பலர் அங்கே போய்த்தான் கலிமா சொன்னார்கள். விடுதலை பெற்ற முஸ்லிம்களில் சிலரே பிறகு அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நம் ஊர்களில் வம்சம் பேசும்போது அரபு வணிகர்களும் வலிமார்களும் வருகிறார்கள். விற்கப்பட்டவர்கள் வருவதில்லை. ஆனால் சிறுவயதில் பிடித்து விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்களைத் தேடி அவருடைய தந்தை மக்கா வரை வந்ததை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். வளர்ப்புப் பிள்ளைகளைத் தந்தையர் பெயராலேயே அழையுங்கள், தந்தையை அறியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை.

மரபணுப் பரிசோதனை 'தெற்காசியா' என்று சொல்லும், ஊரைச் சொல்லாது. அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பழவேற்காட்டுக்கு வந்தால், டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டலாம். கம்பெனிக்காரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.