போர்த்தப் போர்த்தப் பிள்ளைக்கு நல்லதா?

பள்ளி விடுமுறை வந்தால் புக்கிட் செலம்பாவிலிருந்து கார்கள் ஜெராய் மலைக்கும் அதன் அடிவாரத்துத் துப்பா அருவிக்கும் கிளம்பிவிடுகின்றன. கூடாரம், அடுப்பு, பாய் எல்லாவற்றோடும் கைக்குழந்தையும் போகிறது. கூடவே அந்த உபதேசமும் போகிறது: "மலைக் காத்து பச்சப்புள்ளைக்கு ஆகாது. தலையோட காலு இழுத்துப் போத்தும்மா. சூடு எவ்வளவு இருந்தாலும் புள்ளைய ஒன்னும் பண்ணாது." பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறேன். போன விடுமுறையில் ஒரு குடும்ப முகாமில் மைக்கைப் பிடித்த ஒருவர் இதையே ஒரு சொற்பொழிவாக நீட்டினார். இளம் தாய்மார்கள் பயந்துபோய்த் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சில் நிற்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

முதலில் அந்தப் பயங்கரக் குளிர். ஜெராய் உச்சியின் உயரம் 1,217 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கீழே விடியற்காலையில் 24 டிகிரி என்றால் உச்சியில் 17 டிகிரி அளவுக்கு இருக்கும். அடிவாரத்தில் அந்தக் குறைவும் இல்லை. பிரிட்டனில் குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்கட்டும் என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். நம் வீடுகளிலும் ஏர்கோனை 20-இல் வைத்துத்தான் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். அறைக்குள் ஆகிற குளிர் கூடாரத்துக்குள் மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

அடுத்தது, "கையத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு" என்ற வாதம். என் கோபமெல்லாம் இதன்மேல்தான். அந்த முகாமிலேயே பார்த்தேன். மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் தடித்த போர்வை. கன்னம் சிவந்திருந்தது. தொப்பிக்குக் கீழே முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கழுத்து மடிப்பெல்லாம் ஈரம். பாட்டி கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டுவிட்டு, இன்னொரு துண்டு கொண்டா என்றார். பிறந்த சில மாதங்களுக்குப் பிள்ளையின் கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும். தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் நெஞ்சும் பிடரியும். அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியை உடனே எடுத்துவிட வேண்டும்.

பச்சைப் பிள்ளைக்குப் போர்வையை உதறத் தெரியாது, விலகிப் படுக்கவும் தெரியாது. மிஞ்சிய சூடு வெளியேறத் தலையும் முகமும்தான் பெரிய வழி; தொப்பி போட்டு அதையும் அடைத்துவிடுகிறோம். இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில் தூக்கத்திலேயே திடீரென்று இறந்த சிசுக்களைப் பற்றிப் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் செய்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது. குப்புறப் படுத்ததும் அளவுக்கு மீறிப் போர்த்தியதும் ஆபத்தைக் கூட்டின என்று அது காட்டியது. 1991-இல் பிரிட்டன், பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், அதிகமாகச் சூடேற்றாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல், வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்குத் தொப்பியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. "சூடு ஒன்னும் பண்ணாது" என்று மைக்கில் சொல்பவர் இதில் எதைப் படித்தார்?

இன்னொன்றும் உண்டு. இரவு பத்து மணிக்கு வேர்த்து நனைந்த சட்டைதான் விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையைக் குளிரில் தள்ளுகிறது. எந்தக் குளிருக்குப் பயந்து போர்த்தினார்களோ, அதைப் போர்வையே கொண்டுவருகிறது.

குளிரை விரட்ட எடுக்கும் மற்றவையும் இப்படித்தான். கற்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. கூடாரத்துக்குள் தணலோ கேஸ் அடுப்போ வைத்தால் கார்பன் மோனாக்சைடு குடும்பத்தையே கொல்லும். அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த கம்பளியை எடுத்து அப்படியே சுற்றுவதும் ஆபத்துதான். பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஜி6பிடி குறைபாடு பார்க்கிறார்களே, அது உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும்.

கடைசியில், "தோட்டத்துல நாங்கெல்லாம் இப்படித்தான் வளந்தோம்" என்கிறார்கள். இல்லை, அப்படி வளரவில்லை. வெயில் ஏறுவதற்குள் ரப்பர்ப் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றி மாரோடு அணைத்துத்தான் ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப் போனாள். அங்கே சேலையில் கட்டிய ஏணை. லயத்து வீட்டில் யாரிடம் தடித்த கம்பளி இருந்தது? பிள்ளைக்குச் சூடு தாயின் உடம்பிலிருந்து வந்தது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு ஒட்ட வைத்துக் காத்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது.

அதனால் பிள்ளை சில்லிட்டதாகத் தோன்றினால், விழித்திருக்கும் ஒருவர் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தூங்க வைக்கும்போது காற்றடைத்த மெத்தையும் வேண்டாம், இரண்டு பெரியவர்களுக்கு நடுவிலும் வேண்டாம். தரையின் ஈரம் ஏறாதபடி கீழே தடித்த விரிப்பு, மேலே நாம் உடுத்துவதைவிட ஒரே ஒரு துணி அதிகம், நனைந்ததும் மாற்றப் பம்பர்ஸ். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு உடல் சூடு 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். மலை உச்சியிலிருந்து வளைவு வளைவாக இறங்குவதைவிட துப்பாவிலிருந்து போவது சுலபம். கைக்குழந்தை உள்ளவர்கள் உச்சியை விட்டு அடிவாரத்தில் கூடாரம் போடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.